வைஃபை வர வைஃபை வேண்டும்

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது சென்னை சீடாக் கணினி ஆய்வு மையத்தில் உருவானது. பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. படம் பார்க்க விண்டோஸே போதுமே! அப்படியொரு லேப்டாப் அண்ணன் மகளிடமிருந்து கரையான்சாவடிக்கு, என்னிடம் வந்தது. விண்டோஸுக்கு மூச்சு வாங்கியது. 2022இல் டெபியன் லினக்ஸ் போட்டேன்.

திரை, சவுண்டு எல்லாம் தானாக வந்தன. பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே குடியிருக்கின்றன. வைஃபை மட்டும் வரவில்லை. வைஃபை சிப்புக்கான ஃபர்ம்வேர், அதைத் தயாரித்தவர்களின் தனிச்சொத்து. சுதந்திர மென்பொருளோடு அதைச் சேர்க்க டெபியன்காரர்களுக்கு மனமில்லை. 2023இல், 12ஆம் பதிப்பில்தான் இரங்கினார்கள். நமக்கு எப்போதும் ஒரு வருடம் அவசரம். ஃபர்ம்வேர் நெட்டில் இருக்கிறது. நெட்டுக்குப் போக ஃபர்ம்வேர் வேண்டும். ரேஷன் கார்டுக்கு ஆதாரும் ஆதாருக்கு ரேஷன் கார்டும் கேட்ட கதை.

"போனை கேபிள்ல மாட்டி டெதரிங் போடுங்க அங்கிள்" என்றான் பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் பையன். போகிறபோக்கில் என் பென் டிரைவையும் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4இல் ஃபார்மட் செய்துவைத்தான், அதுதான் சுத்தமாம்.

ஃபர்ம்வேரை நிறுவ 'சூடோ' என்று அடித்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. அடிக்க அடிக்கத் திரையில் ஒரு புள்ளிகூட விழாது, பாதுகாப்பாம். பின்னால் காபியோடு நின்ற மனைவி கேட்டாள்: "என்னங்க, கீபோர்டும் போச்சா?"

வைஃபை வந்துவிட்டது. ஆசை பிரிண்டருக்குத் தாவியது. அதற்கு டிரைவரே இல்லை.

இந்த லினக்ஸ் வம்சமே பிரிண்டரில் தொடங்கியதுதான். 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் பிரிண்டர், காகிதம் சிக்கினால் யாருக்கும் சொல்லாது. சொல்லவைக்கலாமென்று மூல நிரலைக் கேட்டார் ரிச்சர்ட் ஸ்டால்மன். கிடைக்கவில்லை. நாமென்றால் பிரிண்டரை ஒரு தட்டு தட்டியிருப்போம். அவர் 1983இல் குனூ என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸின் கெர்னல் வந்து அதோடு சேர்ந்தது.

எனக்கோ மறுநாளே ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். புரட்சிக்கு நேரமில்லை. மெட்ரோ தூண் வேலைகளுக்கு நடுவே புகுந்து டிரங்க் ரோட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"பென் டிரைவ்ல வைரஸ் இருக்கா சார்?"

"லினக்ஸ்ப்பா. வைரஸெல்லாம் அண்டாது" என்றேன், சற்று நிமிர்ந்து.

மாட்டிப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் காட்டல சார். ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேக்குது. பண்ணிடவா?"