கர்ணனுக்கு ஒரு அட்டைக் கவசம்

கேள்வி: பள்ளி மாறுவேடப் போட்டிக்காகப் பையனுக்கு அட்டையில் கர்ணன் கவசம் செய்தேன். தங்கப் பெயின்ட் அடித்தும் பிஸ்கட் டப்பா மாதிரியே தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கர்ணனுக்குக் கவசம் பிறவியிலேயே வந்துவிட்டது, நமக்கு ஃபெவிகால் காயும்வரை பொறுமை வேண்டும்! தட்டையான பரப்பில் நிழல் விழாது, அதனால்தான் டப்பாவாகத் தெரிகிறது. மேடு பள்ளம் கொடுங்கள். சணல் கயிற்றை வளைத்து ஒட்டினால் கொடி வேலைப்பாடு. ஆணித்தலைக்குத் துவரம்பருப்பு: ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு, இதற்கென்றே உடைத்ததுபோல் உட்காரும். அதன்மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு கை, காய்ந்ததும் தங்க நிறம்.

உயிர் வருவது அடுத்த கட்டத்தில்தான். தங்கம் நன்றாகக் காய்ந்த பிறகு, பழுப்பு அக்ரிலிக்கை நீர்க்கக் கரைத்துப் பூசி, உடனே துணியால் துடையுங்கள். மேட்டில் தங்கம் மின்னும், பள்ளத்தில் பழுப்பு தங்கும். பழைய நகையின் அழகு அப்படியே வந்துவிடும்.

கட்டைக்கூத்துக் கலைஞர்களின் மர அணிகலன்களில் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருப்பார்கள். பிள்ளைக்குச் சமிக்கி போதும், கை கீறாது. உள்பக்கம் பழைய பனியன் துணியை ஒட்டுங்கள். வியர்வையில் அட்டை சீக்கிரம் ஊறாது.