சூனியக் கணக்கு

குடியாத்தத்தில் தீப்பெட்டி ஒட்டிய வீடுகளில் பிள்ளைகள் முதலில் கற்றது எண்ணுவதைத்தான். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. ஒன்று குறைந்தாலும் கூலியில் பிடிப்பார்கள். அப்படி வளர்ந்தவனுக்குக் கொழும்பின் கணக்கு மண்டையில் ஏற மறுக்கிறது.

2009 ஜனவரியில் முல்லைத்தீவுப் பக்கம் கொஞ்சம் நிலத்தை ‘யுத்த சூனியப் பிரதேசம்’ என்று இலங்கை ராணுவம் அறிவித்தது. சூனியம் என்றால் ஒன்றுமில்லாதது. எங்கள் பக்கம் வேறொரு பொருளும் உண்டு: எலுமிச்சம்பழமும் முட்டையும் வைத்துச் செய்வது. அரசாங்கம் சொன்னது இரண்டாவதை. சனங்கள்தான் முதலாவது என்று நம்பி மூட்டை முடிச்சோடு உள்ளே போனார்கள்.

அங்கே சுதந்திரபுரத்தில் ஐ.நா. ஊழியர்கள் உணவு வழங்க இடம் போட்டார்கள். இன்ன இடத்தில் இருக்கிறோம் என்று படைத் தலைமைக்குச் சொல்லியும் அனுப்பினார்கள். ஷெல் வந்தது. பதுங்குகுழிக்குள்ளிருந்து மறுபடி சொன்னார்கள். மறுபடி வந்தது. இவ்வளவு ஒழுங்காகப் பட்டுவாடா செய்ய நம் தபால்காரருக்குக்கூட வராது. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்கும் இதே பட்டுவாடாதான்.

அரசின் கொள்கையோ ‘பொதுமக்கள் பலி பூஜ்ஜியம்’. உள்ளே வைத்தியம் பார்த்த மருத்துவர்களைக் காவலில் வைத்து, ஜூலையில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்காரவைத்தார்கள். 650, மிஞ்சினால் 750 என்றார்கள் அவர்கள். 2011இல் ஐ.நா. நிபுணர் குழு 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது. இதில் அரசு கோபப்பட என்ன இருக்கிறது? அந்த எண்ணில் நான்கு பூஜ்ஜியங்கள் கொள்கைப்படியே இருக்கின்றன. முன்னால் நிற்கும் 4தான் தேசத்துரோகி.

தப்பியோடப் பார்த்தவர்களைப் புலிகள் சுட்டதையும் அதே குழு எழுதியிருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் எங்களூர் மேடைகளில் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்கிறது.

நாம் சும்மா இருந்தோமா? 2009 ஏப்ரல் 27 காலை மெரினாவில் அன்றைய முதலமைச்சர் உண்ணாவிரதம் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு வேளைக்குள் போரை நிறுத்தினார். அப்புறமும் குண்டு விழுந்தபோது, ‘மழை விட்டும் தூவானம் விடவில்லை’ என்று வானிலை அறிக்கை வாசித்தார்.

மே 16. முள்ளிவாய்க்காலில் எண்ண ஆளில்லை. இங்கே வாக்கு எண்ணிக்கை. டீக்கடை டிவி முன்னால் நின்று சுற்றுக்குச் சுற்று முன்னிலை நிலவரம் பார்த்தோம். மதியம் தெருவில் பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். புகை அடங்கியதும் ஒருவர் நிஜமாகவே கொதித்தார்: “பத்தாயிரம்னு காசு வாங்கினான், எட்டாயிரம்கூட வெடிக்கலய்யா!”