ஒழுங்கைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று

1990 ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் நின்றது. அதற்குப் பிறகு ஐந்தாறு வருடம் குடாநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சுவரில் இருக்கிற சுவிச் எதற்கென்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி எல்லாமே பொருளாதாரத் தடைப் பட்டியலில். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை அமத்தி, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய குழாய்க்குள்ளால் நூல்திரியை இழுத்துச் செய்த சிக்கன விளக்கில்தான் நாங்கள் சாதாரண தரம் படித்தோம். சைக்கிளைக் கவிட்டு வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த கறண்டில் மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்டோம்.

ஜெனரேற்றரை அந்த நாளில் ஒருவரும் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுப்பதில்லை. வாடகைக்கு விடுகிறவரிடம் என்ன இருக்கிறதோ அதுதான். எங்கள் பக்கத்தில் இருந்தது ஒரு சின்ன ஹொண்டா. மேலே கைபிடி, ஒரு ஆள் தனியாகத் தூக்கலாம். அரைக் கிலோவற்றுக்கு மேல் அதனிடம் கேட்க முடியாது. கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, இல்லாவிட்டால் பொடியள் காசு சேர்த்துப் படம் பார்க்கிற இரவு. அந்த நாட்களில் அது சைக்கிள் கரியரில் பழைய ரியூப்பால் வரிந்து கட்டப்பட்டு வரும். ரிவியும் டெக்கும் இன்னொரு சைக்கிளில் பின்னால் வரும்.

அதை இயக்குகிற அண்ணை வேலை செய்கிற விதத்தை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். பெற்றோல் அருமை என்பதால் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில். முதலில் பிளக்கைக் கழற்றுவார். சேர்ட் பொக்கெற்றில் இருந்து ஊசி மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்து, அதில் இருக்கிற பெற்றோலில் நாலைந்து துளி பிளக் ஓட்டைக்குள் விடுவார். பிளக்கைத் திரும்பப் பூட்டிக் கயிற்றை இழுப்பார். அந்தத் துளிப் பெற்றோலில் எஞ்சின் ஓடிச் சூடேறினால்தான் மண்ணெண்ணெய் ஆவியாகிப் பற்றும். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் போனால் வெள்ளைப் புகை மட்டும் வரும். எஞ்சின் பிடித்த உடனே ரிவியைக் கொழுவ விடமாட்டார். 40 வற் குண்டு பல்ப் ஒன்றை முதலில் கொழுவி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வெளிச்சம் ஏறி இறங்குகிற வரைக்கும் எவர் என்ன சொன்னாலும் கேட்கமாட்டார். பல்ப் ஒரே சீராக நின்ற பிறகுதான், “இனிக் கொழுவுங்கோ” என்பார். நிப்பாட்டுகிறபோதும் அப்படித்தான்: முதலில் ரிவி, பிறகு பல்ப், கடைசியில் எஞ்சின்.

பதினாலு இஞ்சி ரிவி எழுபது வற் அளவில் இழுக்கும். டெக் முப்பது. பல்ப் நாற்பது. எல்லாம் சேர்த்தாலும் நூற்றைம்பதைத் தாண்டாது. அந்த நூற்றைம்பது வற்றுக்கு முன்னால் ஒழுங்கை முழுக்கப் பாயோடு வந்து இருந்தது. எண்ணெய் முடியும் தறுவாயில் எஞ்சின் தொய்ய, ரிவியில் படம் நாலு பக்கத்தாலும் சுருங்கும். உடனே ஒருவர் எழும்பி ஓடுவார். இன்னொருவர் எந்த நேரமும் படலையடியில் நிற்பார். ஜெனரேற்றர் சத்தத்தில் பொம்பர் வருகிற சத்தம் கேட்காது என்பதால் அவருக்குப் படமே இல்லை. அவர் கைதட்டினால் எல்லாம் நிற்கும், பதுங்கு குழிக்கு ஓடுவோம். அந்தக் காவலை முறை வைத்துச் செய்த அண்ணன்மாரை நான் இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

அதே காலத்தில் எங்கள் அம்மம்மா இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். மருந்து கிடைத்தால் அதைப் பழுதாகாமல் வைப்பது அடுத்த பாடு. குசினி மூலையில் ஈரமணல் போட்ட மண்பானை, அதற்குள் சின்னச் சட்டி, சட்டிக்குள் மருந்துக் குப்பி, மேலே நனைத்த துணி. மணல் காயாமல் தண்ணீர் தெளிக்கிற பொறுப்பு என்னுடையது. ஜெனரேற்றருக்கும் இன்சுலினுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை. அது படத்துக்கு வருகிற சாமான்.

2022 பொருளாதார நெருக்கடியில் அந்தச் சம்பந்தம் வந்தது. பங்குனி கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கறண்ட் இல்லை. அக்காவின் வீட்டில் பிரிஜ்ஜுக்குள் ஒரு மாத இன்சுலின். பக்கத்து வீட்டில் ஜெனரேற்றர் இருந்தது, எண்ணெய் இல்லை. கானில் எண்ணெய் அடிக்கக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். எண்ணெய்ப் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். மண்ணெண்ணெய் அந்த ஆவணியில் 87 ரூபாயில் இருந்து 340க்கு ஏறியது. நான் மண்பானையைத் தேடி எடுத்தேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு முட்டி நாடு முழுக்கக் கறண்ட் போனபோது, ரொறன்ரோவில் இருக்கிற மருமகன் பொறுக்கமாட்டாமல் போன் எடுத்துவிட்டான்.

“மாமா, காசு அனுப்புறன். அம்மாவுக்கு ஒரு அஞ்சு கேவிஏ வாங்கி வையுங்கோ. முழு வீடும் ஓட வேணும்.”

“பொறு தம்பி. முழு வீடும் ஏன் ஓட வேணும்?”

இந்தக் கேள்விக்கு மறுமொழி கிடைத்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அக்காவின் வீட்டை நான் அறை அறையாகப் போய் எழுதினேன். பிரிஜ் ஓடும்போது 150 வற். ஆனால் கொம்பிரசர் உதைத்துக் கிளம்புகிற அந்த ஒரு கணம் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். இரண்டு பான், ஐந்து எல்ஈடி பல்ப், இணையப் பெட்டி, போன் சார்ஜர், மழைகாலத்தில் அக்கா பிடிக்கிற நெபுலைசர். எல்லாம் ஒன்றாக ஓடினாலும் அரைக் கிலோவற்றைத் தாண்டாது. ஐந்து கேவிஏ என்று மருமகனைச் சொல்ல வைத்தது கிணற்றடியில் இருக்கிற ஒரு குதிரைவலு மோட்டர் ஒன்றுதான். ஓடுவதற்கு முக்கால் கிலோவற். கிளம்புவதற்கு மூன்று, மூன்றரை. அந்த இரண்டு செக்கனுக்காகப் பெரிய எஞ்சின் வாங்கினால், மிச்ச நேரம் முழுக்க இரண்டு பல்ப்புக்கும் ஒரு பானுக்கும் அந்தப் பெரிய எஞ்சின் எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கும். மேல் தாங்கியை ஒவ்வொரு நாளும் காலையில் நிரப்பி வைத்தால் மோட்டரின் பெயரைப் பட்டியலில் இருந்து வெட்டிவிடலாம். வெட்டினேன். ஐந்து இரண்டாகியது.

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடையில் இரண்டு வகை இருந்தன. கம்பிச் சட்டத்துக்குள் திறந்த எஞ்சின் உள்ளது, விலை குறைவு. 50 ஹேர்ட்ஸ் கொடுப்பதற்காக எப்போதும் நிமிடத்துக்கு 3000 சுற்றில்தான் நிற்கும். ஒரு பல்ப் போட்டாலும் அதே இரைச்சல், எண்ணெய்ச் செலவும் பெரிதாகக் குறையாது. மற்றது மூடிய பெட்டிக்குள் இருக்கிற இன்வேட்டர் வகை. கறண்டை முதலில் நேரோட்டமாக்கி, பிறகு சீரான அலையாகத் திருப்பித் தருகிறது. அதனால் சுமை குறைந்தால் எஞ்சினும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கடைப்பொடியன் பெட்டியில் இருந்த பெரிய இலக்கத்தைக் காட்டினான்.

“ஐயா, இது ரெண்டு தசம் ரெண்டு கிலோவற்.”

“அது உச்சம் தம்பி. தொடர்ந்து எவ்வளவு குடுக்கும் எண்டு கீழ சின்னனாப் போட்டிருக்கும், அதைப் பாத்துச் சொல்லும்.”

1.8 என்று இருந்தது. அந்தச் சின்ன எழுத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். உச்சம் பிரிஜ் உதைக்கிற கணத்துக்கு மட்டும். ராங்கி 3.6 லீற்றர். கால் சுமையில் எட்டு மணித்தியாலம் வரை ஓடும். பிரிஜ் கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணித்தியாலம் குளிர் நிற்கும் என்பதால், இடையிடையே ஒரு மணித்தியாலம் ஓட விட்டாலே இன்சுலினுக்குப் போதும். 2022இன் மோட்டச்சைக்கிள் பங்கை வைத்துப் பார்த்தேன்: அந்த நாலு லீற்றரில் அக்காவின் மருந்து கிழமை முழுக்கப் பிழைத்திருக்கும். விலை மற்றதைவிட நன்றாகக் கூட. இருந்தாலும் அதைத்தான் எடுத்தேன்.

லிதியம் பற்றரிப் பெட்டியையும் விசாரித்தேன். இரண்டு மூன்று மணித்தியால வெட்டுக்கு அதுதான் நல்லது, சத்தமில்லை, புகையில்லை. ஆனால் புரெவிப் புயல் வந்த 2020 மார்கழி மாதிரி மழை விடாமல் அடித்துத் தூண்கள் விழுகிற நாட்களில் அதை எதால் ஏற்றுவது? எங்கள் வடக்குக்கு அந்தக் கேள்வி ஒவ்வொரு ஐப்பசியிலும் வருகிறது.

கொண்டுவந்த அன்றே மருமகன் வீடியோவில் வந்தான். “விறாந்தையில வையுங்கோ மாமா, மழை படாது.” இதில் மட்டும் நான் அவனோடு கடுமையாகக் கதைத்தேன். எஞ்சின் புகையில் வருகிற காபன்மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, சத்தி, பிறகு மயக்கம். படுத்திருக்கிற ஆள் எழும்பமாட்டார். மழைக்குப் பயந்து விறாந்தையிலோ கராஜிலோ வைத்து, யன்னலைத் திறந்து விட்டிருக்கிறோம் தானே என்று படுத்துத்தான் உலகமெங்கும் குடும்பங்களாகச் செத்திருக்கிறார்கள். அந்த நாளில் எங்களை இது தொடவில்லை, ஏனென்றால் எஞ்சின் எப்போதும் வேலியோரம் நின்றது. சத்தத்தில் வசனம் கேட்காது என்பதால் அண்ணை அதைத் தள்ளியே வைப்பார். இன்றைய எஞ்சின் சத்தம் குறைந்தது, அதனால் கிட்ட வைக்கத் தோன்றுகிறது. அதுதான் எனக்குப் பயம். வீட்டில் இருந்து இருபது அடி தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க, கோடிப்புறத்தில் சீமெந்துத் திட்டு போட்டோம். நாலு இரும்புக் கால், மேலே தகரம், பக்கங்கள் எல்லாம் திறந்தபடி. அறையில் பற்றரியில் வேலை செய்கிற ஒரு காபன்மொனொக்சைட் அலாரமும் மாட்டினேன்.

அடுத்தது வயர். இரண்டு முனையிலும் ஆண் பிளக் பூட்டிய வயரால் ஜெனரேற்றரைச் சுவர் பிளக்கில் கொழுவி முழு வீட்டுக்கும் கறண்ட் விடுகிற பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. மெயின் சுவிச்சை நிப்பாட்ட மறந்தால் அந்தக் கறண்ட் வீதிக்குப் போகும். திரான்ஸ்போமருக்குள்ளால் பின்பக்கமாக ஏறி ஆயிரக்கணக்கான வோல்ற் ஆகும். மேலே தூணில் மழையில் நனைந்தபடி எங்களுக்காக வேலை செய்துகொண்டிருப்பவர் லைன்மன். லைனில் கறண்ட் இல்லை என்று நம்பித்தான் அவர் கை வைக்கிறார். மறக்கமாட்டேன் என்கிற உறுதிமொழியில் அவருடைய உயிரை வைக்க எனக்கு மனம் வராது. சேஞ்ச் ஓவர் சுவிச் இருந்தால் ஒன்று வீதிக் கறண்ட், இல்லாவிட்டால் ஜெனரேற்றர்; இரண்டும் ஒரு நேரத்தில் தொடவே முடியாது.

“அதுக்கும் எலக்ரீசியன் கூலிக்கும் இன்னும் எவ்வளவு மாமா?” என்று மருமகன் கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “அப்ப அதையும் போடுங்கோ” என்றான். பெடியன் நல்லவன்.

இப்போது மாதம் ஒரு தரம் அரை மணித்தியாலம் பிரிஜ்ஜையும் பான்களையும் கொழுவி ஓட விடுகிறேன். சுமையில்லாமல் ஓட விட்டால் எஞ்சினுக்குள் கரி பிடிக்கும். குண்டு பல்ப் பார்க்கிற வேலை போய்விட்டது; எல்ஈடி பல்ப் வோல்ற்றேஜ் ஏறி இறங்கினாலும் ஒரே மாதிரி எரிவதால் அதைப் பார்த்து ஒன்றும் அறியமுடியாது. வோல்ற் மீற்றரில் 230 அசையாமல் நின்றதும் ஒவ்வொன்றாகக் கொழுவுகிறேன், நிப்பாட்ட முதல் ஒவ்வொன்றாகக் கழற்றுகிறேன். சூடாக இருக்கிறபோது எண்ணெய் விடுவதில்லை. அயல் வீடுகள் மூன்றிலும் ஜெனரேற்றர் வந்துவிட்டது, எல்லாம் ஐந்து கேவிஏ. வெட்டு வந்தால் நாலும் ஒன்றாக இரைகின்றன. அந்த நாலையும் விற்று இரண்டு வாங்கி, பெரியதொரு கூட்டுப் பிரிஜ்ஜில் ஒழுங்கையின் மருந்தையெல்லாம் வைத்தால் என்ன என்று சனசமூக நிலையத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள், மூன்றாமவரோடு இன்னும் கதைக்க வேண்டும்.

எண்ணெய் ஐந்து லீற்றர் இரும்புக் கானில், வெயில் படாத கொட்டிலில், வீட்டில் இருந்து தள்ளி. பெற்றோல் வைத்தால் பழுதாகிக் காபரேற்றரை அடைக்கும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருக்கா பழையதை மோட்டச்சைக்கிளுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புகிறோம். அடுத்தது ஐப்பசி முதலாம் கிழமை, மழைக்கு முன்னம்.