பயறு முளைக்காவிட்டால்?

‘பசித்தால் அடுப்படியில் சோறு இருக்கிறது’ என்கிறாள் அம்மா. பசிக்காவிட்டால் இருக்காதா?
– கல்லூரி மாணவர், காஞ்சிபுரம்

உங்கள் பசியைக் கேட்டுக்கொண்டா உலை கொதித்தது? சோறு இருக்கும். ‘பசித்தால்’ என்பது சோற்றுக்குப் போட்ட நிபந்தனை அல்ல. அந்தச் சேதி உங்களுக்கு எப்போது உதவும் என்பதைச் சொல்கிறது. ஆக்ஸ்போர்டு தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் 1956இல் ஆற்றிய உரையில், அலமாரிமேல் இருக்கும் பிஸ்கட்டை வைத்து இதைக் காட்டினார். இன்றும் இந்த வகை வாக்கியத்துக்கு ‘பிஸ்கட் நிபந்தனை’ என்றே பெயர். காஞ்சியில் பிறந்திருந்தால் கோயில் இட்லியைச் சொல்லியிருப்பார்.

‘வந்தால்’ என்று வரும் வாக்கியத்தில் பின்பாதி முன்பாதியைச் சார்ந்ததா, தனித்து நிற்பதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– நெசவாளர், பிள்ளையார்பாளையம்

‘வந்தால்’ என்பதை ‘வந்தாலும் வராவிட்டாலும்’ என்று மாற்றிப் பாருங்கள். ‘மழை வந்தால் குடை திண்ணையில் இருக்கிறது’: வந்தாலும் வராவிட்டாலும் குடை அங்கேதான். பின்பாதி தனி ஆள். ‘மழை வந்தால் தெருவில் பாவு நீட்ட முடியாது’: இங்கே மாற்றினால் உங்கள் பிழைப்பே போய்விடும். இது சார்ந்தது. ஆனால் மழை வராத நாளெல்லாம் பாவு நீட்டிவிடலாம் என்றும் இந்த வாக்கியம் சொல்லவில்லை. பட்டு வந்து சேர வேண்டும், பிடிக்க ஆள் வேண்டும்.

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலில் வேண்டிக்கொண்டு, வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிப் படுத்தேன். முளைத்தால் பிள்ளை பிறக்கும் என்றார்கள். முளைக்கவில்லை. அவ்வளவுதானா?
– வாசகி, திருப்புட்குழி

இல்லை அம்மா. ‘முளைத்தால் பிறக்கும்’ என்பது பயறு முளைத்தவளுக்குத் தந்த வாக்கு. முளைக்காதவளைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. ‘முளைத்தால்தான் பிறக்கும்’ என்று யாராவது ஒரு ‘தான்’ சேர்த்திருந்தால் அது அவர்கள் கைச்சரக்கு. அந்தக் கோயிலின் மரகதவல்லித் தாயார் தலையில் அதைக் கட்டக்கூடாது. வறுத்த பயறு முளைப்பது அதிசயம் என்றுதானே தாயாரைக் கொண்டாடுகிறோம்? அதிசயம் நடக்காத இரவு எப்படித் தண்டனையாகும்?

காப்பிய நாயகி மணிமேகலை, துறவி அறவண அடிகளிடம் தருக்கம் கேட்டது உங்கள் பக்கத்துக் காஞ்சியில்தான். அந்தப் பாடத்தில் புகையும் நெருப்பும் வருகின்றன. புகை இருந்தால் நெருப்பு உண்டு. ஆனால் புகை இல்லையென்றால் நெருப்பும் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? பழுக்கக் காய்ந்த இரும்பில் புகை ஏது? தொட்டால் சுடத்தானே செய்கிறது! பயறும் அப்படி ஓர் அடையாளம். பிள்ளை பிறப்பது பயறைச் சார்ந்ததல்ல.

ஆகவே கோயிலுக்குப் போங்கள், மருத்துவரிடமும் போங்கள். கணவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். பரிசோதனை இருவருக்கும் தேவை. குறை ஆணிடமும் இருக்கலாம். மாமியார் கேட்டால், இந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டுங்கள். கேட்காவிட்டாலும் நீட்டுங்கள்.