வாங்கப் போகிறவர்

மடிக்கணினிக்குப் பெரிய ஹார்டு டிஸ்க் வாங்கப் போகிறவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாங்கியவரோடு அவரைக் குழப்பிக்கொள்ளலாகாது. வாங்கியவர் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அரை மணி நேரம் குனிந்திருந்துவிட்டுத் தம் ஜோலியைப் பார்க்க எழுந்துபோய்விடுவார். நான் சொல்லுகிறவரோ, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதோ ஓர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பகலெல்லாம் அளந்து தீர்த்துவிட்டு, மாலையில் கவரைப்பேட்டை நிலையத்தருகே டீக்கடையில் எனக்காகக் காத்திருப்பவர். அவருடைய 320 ஜி.பி. டிஸ்க் நிரம்பிச் சிவப்புக்கோடு காட்டத் தொடங்கி ஒரு யுகமாகிறது. 2011இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து, அங்கிருந்த டிஸ்க் ஆலைகள் மூழ்கி, உலகெங்கும் விலை ஏறியபோது, "இறங்கட்டும் சார்" என்றார். விலை இறங்கியது, அவர் இறங்கவில்லை.

டிஸ்க்கின் தடிமன் 7 மி.மீ.யா, 9.5 மி.மீ.யா என்று நிச்சயிப்பதற்காக வெர்னியர் காலிப்பரைக் கொண்டுவந்து கணினியின் வயிற்றைத் திறந்து மூன்று தடவை அளந்தார், பொறுத்துக்கொண்டேன். நிமிஷத்துக்கு 5400 சுற்றா, 7200 சுற்றா என்ற தர்க்கத்தை, சுற்றவே சுற்றாத எஸ்.எஸ்.டி. கடைக்கு வந்த பிறகும் அவர் விடாமல் நடத்தியதையும் பொறுத்துக்கொண்டேன். என்னால் சகிக்க முடியாதது 69 என்னும் எண் ஒன்றுதான்.

1 டி.பி. என்று பெட்டியில் அச்சிட்ட டிஸ்க்கை மாட்டினால், விண்டோஸ் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாய்ப் பெருக்கி, ஒரு லட்சம் கோடி பைட்டை 1 டி.பி. என்கிறார், விண்டோஸோ பத்து இரண்டுகளைப் பெருக்கி வரும் 1,024ஐக் கொண்டு அளக்கிறது. இந்தக் குழப்பம் தீர வேண்டுமென்று 1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் பின்னதற்குக் 'கிபிபைட்' என்று தனியே நாமகரணம் செய்துவைத்தும், விண்டோஸ் பழைய பெயரையே எழுதிவருகிறது. நெல் ஒன்று, மரக்கால் இரண்டு. ஒரு மணிகூடக் குறையவில்லை. இதை நான் எத்தனையோ விதமாக எடுத்துரைத்தும், பொன்னேரிப் பக்கத்துக் களத்துமேடுகளில் தலைதட்டி அளக்கிறவன் கையைக் கண்கொட்டாமல் கவனித்த பரம்பரையில் உதித்த அவர், "நெல்லு ஒண்ணுதான் சார். மரக்காலை மாத்துனவன் யாரு?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

சனிக்கிழமைகளில் அவரோடு சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகளுக்குப் பிரயாணம் செய்யும் பாக்கியமும் எனக்கு வாய்த்ததுண்டு. பொன்னேரி வருமுன் 1 டி.பி.க்கு 69 போய்விடும். மீஞ்சூரில் 2 டி.பி.க்கு 138, எண்ணூரைத் தாண்டுவதற்குள் 4 டி.பி.க்கு 275 களவு போயிருக்கும். பெரிதாக வாங்க வாங்கத் திருட்டும் பெரிதாகிறதல்லவா? மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கும்போது அவர் முகம் சொத்தைப் பறிகொடுத்தவன் முகமாக இருக்கும். கடையில், "அப்போ 931க்குத்தான் காசு குடுப்பேன்" என்பார். "மூட்டையைப் பிரிச்சு அளந்து பார்க்க இது அரிசியா சார்?" என்று கடைக்காரர் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். திரும்பும் வண்டியில் என் தோளைத் தட்டி, "நம்ம 320லே 22தான் சார் குறையுது. இருக்கறதுலயே இதுதான் லாபம்" என்பார்.

எதையும் அழிக்காத மனிதர் அவர். அழித்தால் இடம் கிடைக்குமே என்று ஒருநாள் நானே உட்கார்ந்து பார்த்தபோது, காலமாகிவிட்ட அவருடைய தகப்பனார் தொலைபேசியில் பேசிய நான்கு நிமிஷப் பதிவொன்று அகப்பட்டது. கிணற்று மோட்டாரை ரிப்பேருக்குக் கொடுத்தாயா, இல்லையா என்று கேட்பதைத் தவிர அதில் வேறொன்றுமில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த நான்கு நிமிஷமும் அவர் எந்த எண்ணையும் சொல்லவில்லை. டிஸ்க்கோ உள்ளே டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் வந்த பின் ஒரு டிஸ்க்கை நம்பலாகாது என்பதை அறியாதவரல்லர்.

மனம் கேளாமல், என்னுடைய 500 ஜி.பி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கொடுத்து, முதலில் அந்தக் குரலைப் பிரதி எடுத்துக்கொள்ளும்படி சொன்னேன். புதியது வாங்கும்வரை இருக்கட்டுமே என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மூன்று வருஷமாகிறது. கேட்டால், "உங்க டிஸ்க்குலயும் 35 குறையுது சார். வாங்கும்போது கடைக்காரன்கிட்ட கேட்டீங்களா?" என்கிறார். என் மகளின் மஞ்சள் நீராட்டு விழாப் படங்கள் முழுவதும் அதிலேதான் இருக்கின்றன. அவற்றைப் பற்றி வீட்டில் வாரத்துக்கு ஒருமுறையாவது விசாரணை நடக்கிறது. எனக்கு 465 போதும். தலைதட்டியே கொடுக்கட்டும்.