மீனுக்கு லீவு கேக்குற மருமவனுக்கு

கொழும்புல கடையில நிக்கிற மருமவன் நேத்து போன் பண்ணுனாரு. "மாமா, வருசத்துல எந்த மாசம் எந்தத் தண்ணியில மீன் புடிக்கலாம்னு ஒரு பிளான் போட்டுக் குடுங்க." ரீலு வச்ச தூண்டில், கறுப்புக் கண்ணாடி, தொப்பி எல்லாம் வாங்கியாச்சாம். மண்புழுதான் பாக்கி. அது ஹாலிஎலயில நம்ம லயத்துக்குப் பின்னால, பீலித் தண்ணி ஓடுற எடத்துல சும்மாவே கெடக்கு.

எழுதிக்குங்க மருமவனே.

தைப்பொங்கலுக்கு வருவீங்க. வாடை மழை அப்பத்தான் ஓயப் பாக்கும். பதுளு ஓயா பால் தேத்தண்ணி நெறத்துல ஓடும். தூண்டிலப் போட்டா தீவாளி மழையில போன செருப்பு வரும், அதுவும் ஒத்தக் காலு. இந்த ஆறு கீழ போயி துன்ஹிந்தையில 64 மீட்டர் குதிக்குது. மீனு அதுல ஏறி வந்து உங்களப் பாக்கணும்னு நெனைக்கிறது உங்க பெரிய மனசு.

சித்திரைக்கு வருவீங்க. பின்னேரமானா இடி. அந்நேரம் நீளக் கம்ப நிமித்திக்கிட்டு ஆத்துல நிக்கிறவரு நீங்க ஒராளாத்தான் இருப்பீங்க. போட்டோ நல்லா வரும்.

நல்ல நேரம் ஆனிக்கடைசி, ஆடி, ஆவணிதான். மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும், நம்ம பக்கம் காஞ்ச காத்து. அந்தக் காத்துதான் ஊவாத் தேயிலைக்கு வாசனை குடுக்குது. கொழுந்து கொறையும், வெல கூடும். ஆத்துல தண்ணி வத்தி, மீனெல்லாம் மடுவுல கூடி நிக்கும். கெண்டை பொரளுறப்ப வயிறு மின்னும். நாங்க சின்னதுல அம்மாவோட கொழுந்துக் கூடைய முக்கியே அள்ளுவோம். மறுநா கொழுந்து மடுவத்துல கூடை நாறி அம்மா வாங்குன ஏச்சு தனிக் கதை. ஆனா ஆடியில உங்களுக்கு லீவு ஏது? மொதலாளிகிட்ட, "ஊர்ல ஆறு வத்திருச்சு"ன்னு கேட்டுப் பாருங்க. வெள்ளக்காரத் தொரைமாரு டிரவுட் மீனையே கப்பல்ல கொண்டாந்து நுவரெலியா ஓடையில விட்டாங்க, நெனைச்ச நேரம் தூண்டில் போட்டாங்க. அங்க லீவு எடுக்குறவரும் குடுக்குறவரும் ஒரே ஆளு.

மாசாமாசம் போயா லீவு இருக்கேம்பீங்க. இருக்கு. மஹியங்கனைக்குப் போனா சொரபொரக் குளத்துல திலாப்பியா எந்த மாசமும் கெடைக்கும். 1948ல நம்ம சனத்தோட குடியுரிமையப் புடுங்குனாங்க. 1952ல ஆப்பிரிக்கச் சாதி மீனக் கொண்டாந்து குளத்துல விட்டாங்க. அதுகிட்ட எந்த ஆப்பீசரும் பதிவு கேக்கல. ஆனா போயா அன்னைக்கு வெள்ள உடுத்தி தாகபைக்குப் போற சனத்துக்கு நடுவுல தூண்டிலும் கையுமா நின்னீங்கன்னா, அவங்க உங்களப் பாக்குற பார்வையில திலாப்பியாவே வெக்கப்பட்டு அடியில போயிரும்.

தீவாளிக்கு மட்டும் ஆத்துப் பேச்சே வேணாம். இதுல நக்கல் இல்ல. 2014 அக்டோபர் 29 காலையில கொஸ்லாந்தை மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயமே மண்ணுக்குள்ள போச்சு. அந்த மாசத்துல மழை வலுத்தா நாங்க புள்ளகுட்டியோட பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம். நீங்களும் ஒரு பாய் கொண்டாங்க.

ஆவணியில எப்படியாச்சும் ரெண்டு நாள் வாங்குங்க. கோட்டையில ரயிலேறுறதுக்கு முந்தி மறக்காம ரெண்டு டின் மீனும் வாங்கிருங்க. அத்தை மசாலை அரைச்சு வச்சிருப்பா.