எத்தனை நாளைக்கு ஒரு தரம்?

ஒரு கட்டடத்தை எத்தனை நாளைக்கு ஒரு தரம் சுத்தம் செய்வது என்பதை அழுக்கைப் பார்த்து முடிவு செய்துவிடலாம் என்று நம்புகிறவர்கள், எங்கள் அசோசியேஷன் கூட்டத்துக்கு ஒரு நடை வந்து உட்கார வேண்டும். காபி, பிஸ்கட் உண்டு.

கட்டடம் இருப்பது ஆற்காடு சாலையில். தரைத்தளத்தில் பேன்சி ஸ்டோர், முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாவதில் ஓர் ஆடிட்டரும் ஒரு வக்கீலும், மூன்றாவதில் பேங்க் எக்ஸாம் கோச்சிங் சென்டர், நான்காவதில் நான். அசோசியேஷன் செகரெட்டரியும் நானே. தேர்தல் எதுவும் நடக்கவில்லை. கூட்டத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனேன், அதற்குள் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

"வாரம் ஒண்ணு போதுமே" என்று ஆரம்பித்தார் ஆடிட்டர். அவருடைய கிளையன்டுகள் ஜூலையிலும் செப்டம்பரிலும் வருகிறவர்கள். மற்ற மாதங்களில் அவர் வாசலில் தூசி கூட வந்து உட்காருவதில்லை. கோச்சிங் சென்டருக்கு நாள் முழுக்கப் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள், அதுவும் படியில். லிஃப்டில் ஏற அவர்களுக்கு அனுமதி இல்லை. "மெயின்டனன்ஸை சதுர அடிக்கு இவ்வளவுன்னு போடாதீங்க சார், காலடிக்கு இவ்வளவுன்னு போடுங்க" என்றார் ஆடிட்டர். கோச்சிங் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் பசங்க செருப்பை வெளியில விட்டுட்டுத்தான் கிளாசுக்குள்ள வர்றாங்க." அந்த வெளி என்பது எங்கள் எல்லோருக்கும் பொதுவான வராந்தா என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இதற்கெல்லாம் கணக்கு எழுதி வைத்திருந்தார்களாம். குப்பையைத் தினமும் பெருக்க வேண்டும். வேலை செய்யும் அறையின் தரையை வாரம் ஒரு முறையாவது கிருமிநாசினி போட்டுக் கழுவ வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு என்றால் 14 மாதத்துக்கு ஒரு முறை, பெயின்ட் என்றால் 5 வருடத்துக்கு ஒரு முறை.

"நம்ம பில்டிங் தொழிற்சாலை இல்லையே?"

"அதனாலதான் தைரியமா சொல்றேன்."

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 1947-லேயே ஒரு சட்டம் உண்டு, அதுவும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறது என்று அவர் தொடர்ந்தது யார் காதிலும் விழவில்லை. ஆடிட்டர் அந்த 14-இலேயே நின்றுவிட்டார். விரல்விட்டு எண்ணி, "12 மாசத்துக்கு ஒண்ணுன்னா ஏழு வருஷத்துல ஏழு வெள்ளையடி. 14 மாசம்னா ஆறுதான். ஒண்ணு மிச்சம். யாரோ நம்ம ஆளுதான் எழுதியிருக்கான்" என்றார். அன்று மாலை முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார்.

பல் டாக்டர் பேசியதுதான் உருப்படியான பேச்சு. "தரையை யாரும் கையால தொடறதில்ல. லிஃப்ட் பட்டனை எல்லாரும் தொடறோம். அதைத் துடைச்சு எத்தனை நாளாச்சு?" கொரோனா காலத்தில் அந்தப் பட்டன்மேல் பாலிதீன் ஒட்டி, பக்கத்தில் தெர்மாகோலில் பல்குத்தும் குச்சிகளைக் குத்தி வைத்திருந்தோம். பாலிதீன் இன்னும் இருக்கிறது. அதைக் கழற்றினால்தான் துடைக்க முடியும், கழற்ற யாருக்கும் கை வரவில்லை. அழுக்குத் தரையில் பினாயிலைக் கொட்டினால் வாசனை வருமே தவிரக் கிருமி சாகாது, முதலில் அழுக்கு போக வேண்டும் என்றும் சொன்னார். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வரும், கழுவுகிறவர் மூச்சுத் திணறிப் போவார் என்றபோது பேன்சி ஸ்டோர்காரர் மட்டும் திடுக்கிட்டார். இரண்டையும் எங்களுக்குச் சப்ளை செய்பவர் அவர்தான்.

அவருக்கும் ஒரு குறை இருந்தது, நியாயமானதும்கூட. மாப்பு போடுவது நான்காவது மாடியில் தொடங்கும். பக்கெட் ஒன்றே, தண்ணீரும் அதுவே. மாடி மாடியாக இறங்கி அது தரைத்தளத்துக்கு வரும்போது டிகிரி காபி நிறத்தில் இருக்கும். அதிக வாடகை கொடுக்கும் மனிதருக்கு எங்கள் எல்லோருடைய அழுக்கும் போய்ச் சேருகிறது. நான்காவது மாடிக்காரன் என்ற முறையில் நான் அதிகம் பேசவில்லை.

டாய்லெட் கதை தனி. கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கும். மணிக்கு ஒரு கையெழுத்து. காலை பதினோரு மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது மாலை ஐந்து மணிக்குச் சுத்தம் செய்ததற்கும் கையெழுத்து இருந்தது. எதிர்காலத்தில் இவ்வளவு சுத்தமாக இருக்கப்போகும் ஓர் இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

படிக்கட்டு மூலைகளில் வெற்றிலைக் கறை. அதற்குப் பரிகாரமாகப் போன செகரெட்டரி முருகன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா என்று மூலைக்கு ஒரு டைல்ஸ் பதித்தார். பலன் உடனே தெரிந்தது: துப்புகிறவர் இரண்டு படி தள்ளி, சாமி இல்லாத சுவரில் துப்ப ஆரம்பித்தார். பக்திமான்.

போதாக்குறைக்கு மெட்ரோ. 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்தில் எங்கள் வாசலுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அந்த வேலை நடந்த வெயில் காலத்தில் காலையில் துடைத்த கண்ணாடியில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். ஐப்பசி மழையில் அதே மண் சேறாகி, எல்லோருடைய ஷூவிலும் ஏறி மாடிக்கு வரும். ஆக, வருடம் முழுக்க ஒரே அட்டவணை என்பதே அபத்தம் என்பது என் கட்சி. ஆனால் பேசப்பேச எனக்கு ஒன்று புரிந்தது. யாரும் அழுக்கைப் பற்றிப் பேசவில்லை. தன் வாசலுக்கு யார் வருகிறார்கள் என்பதைப் பற்றித்தான் பேசினார்கள். பேஷன்ட் வரும் வாசலுக்குத் தினம் இரண்டு தரம், கிளையன்ட் வராத வாசலுக்கு வாரம் ஒரு தரம்.

ஆயுத பூஜைக்கு மட்டும் இந்த வாதமே கிடையாது. ஃபேன் றெக்கையிலிருந்து பிரின்டர் அடிவயிறு வரை ஒரே நாளில் பளபளக்கும். ஒட்டடைக் கம்பு மாடிக்கு மாடி கைமாறும். காணாமல் போன ஸ்டேப்ளர்கள் பீரோவுக்கு அடியிலிருந்து வெளியே வரும். எல்லாம் முடிந்து, திருஷ்டி கழிய வாசலில் பூசணிக்காயைப் போட்டு உடைப்போம். அதை மறுநாள் யார் அள்ளுவது என்று ஒரு வாதம் உண்டு, அது வேறு.

கடைசியில் தீர்மானம் எழுதினேன். படியும் வராந்தாவும் தினமும் காலை ஏழு மணிக்குள், மாடிக்கு ஒரு பக்கெட் புதுத் தண்ணீரில். டாய்லெட் ஒரு நாளைக்கு மூன்று தரம், கையெழுத்து சுத்தம் செய்த பிறகு. லிஃப்ட் பட்டன் தினமும். ஜன்னல் கண்ணாடி மாதம் ஒரு தரம், மெட்ரோ தூசி இருக்கும்வரை இரண்டு தரம். ஆடிட்டர் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள்.

சுத்தம் செய்யும் அக்காவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "செஞ்சிடலாம் சார். ஏழு மணிக்குத் தண்ணி எங்க புடிக்கிறது? வாட்ச்மேன் ஒன்பதுக்கு வந்துதானே மோட்டார் போடறாரு, சாவி அவருகிட்ட" என்றார்.

வாட்ச்மேனைக் கேட்டேன். சாவி ஆடிட்டரிடம் இருக்கிறதாம்.